மெய் வழிபாடு

மலையிலே தொழுவதா, எருசலேமிலே தொழுவதா என்ற ஐயத்தைச் சமாரியப் பெண்ணொருத்தி கிணற்றடியில் இயேசுநாதரிடம் எழுப்பியதாக யோவான் நற்செய்தி கூறும். அவரோ இடத்தைப் பொருட்படுத்தவில்லை; உள்ளத்தின் உண்மையையே வேண்டினார்.

வன்னிமக்கள் இதனை மடுவிலே கண்டனர். போர்க்காலத்தில் சைவரும் கத்தோலிக்கருமாக ஆயிரக்கணக்கானோர் அவ்வாலய வளவிலே அடைக்கலம் புகுந்தனர். 1999 நவம்பர் 20இல் அங்கே எறிகணை வீழ்ந்து பலர் மாண்டனர். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது, ஓகஸ்டிலே மீண்டது. பீடம் வெறுமையாயிருந்த அம்மாதங்களில் வழிபாடு நின்றுவிட்டதா, என்ன?

திருவிழாவில் மெழுகுதிரி ஏற்றுதல் எளிது. அயலானோடு நிழலையும் கஞ்சியையும் பகிர்தலன்றோ அரிது! கற்பூரம் அவியுமுன்னே அயலானை மறக்கும் சைவனாகிய யான், அவ்வளவைக் கடக்குந்தோறும் சற்றே நாணுகின்றேன்.