சயாமுக்குப் போனவர்கள் போருக்குத்தான் போனார்கள்

"நம்ம ஆளுங்க சயாமுக்குக் கூலிக்குத்தானே போனாங்க, சண்டைக்கா போனாங்க?" ஈப்போவில் கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. பேசுகிறவர்களில் பலர் சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். துப்பாக்கி பிடிக்காதவனுக்குப் போரில் இடமில்லை என்ற நம்பிக்கை அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. இது வடிகட்டிய பொய்.

சோறும் குண்டும் வந்து சேராத படை எந்தத் தேசத்திலும் நின்றதில்லை. 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ ஜப்பானியரிடம் விழுந்தது. அடுத்து கம்பாரில் நடந்த சண்டையை இன்றும் நினைவுகூர்கிறோம், அது நியாயமே. ஆனால் பிரிட்டிஷார் பின்வாங்கும்போது தகர்த்துவிட்டுப் போன பாலங்களைச் சரிசெய்து ரயிலை ஓடவைத்தவர்களை யார் பேசுகிறார்கள்? ஜப்பானிய ராணுவத்தில் அதற்கென்றே ரயில்வே படைகள் இருந்தன. அவற்றில் 5ஆவது, 9ஆவது ரெஜிமெண்டுகள்தான் 1942இல் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதையைக் கையில் எடுத்தன. ஒன்று பர்மா முனையிலிருந்து, மற்றொன்று சயாம் முனையிலிருந்து. ரங்கூனுக்குப் போகும் கப்பல்களை நேசநாடுகளின் நீர்மூழ்கிகள் அச்சுறுத்தியதால், பர்மாவிலிருந்த படைக்குத் தரைவழி தேவைப்பட்டது. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தது. முழுக்க முழுக்கப் போர்த் தேவைக்காகப் போட்ட பாதை அது.

ரெஜிமெண்டின் சிப்பாய்கள் அளந்தார்கள், அதட்டினார்கள், அடித்தார்கள். காடு வெட்டி, மண் சுமந்து, கட்டை அடுக்கியவர்கள் வேறு. நேசநாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டத் தமிழர் மட்டும் பல்லாயிரம் பேர். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். ஆள் போதாதபோது பிடித்துப்போனார்கள். சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து சயாமின் பான் போங் வரை, பிறகு காட்டுக்குள் நடை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

மதிப்பீடுதான் இருக்கிறது, கணக்கு இல்லை. கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், செத்தவன் பெயரை ஒளித்து எழுதிவைக்க ஆள் இருந்தது. அதனால்தான் தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. விடிவதற்கு முன்பே பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பில் நிறுத்தி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் பதிந்த பிறகே மரம் சீவ அனுப்பப்பட்ட நம் தோட்டத்து மனிதன், அந்தக் காட்டில் பேரே இல்லாமல் மொத்தக் குழியில் தள்ளப்பட்டான். இந்தப் பாதையைப் பற்றி 1957இல் வந்த குவாய் நதிப் பாலப் படத்தைப் பாருங்கள். இலங்கையில் எடுத்த படம். அதிலும் கதை முழுக்க வெள்ளைக்காரக் கைதிகளுடையது.

எதிரியின் ராணுவத்துக்கு உழைத்தவர்களுக்கு மரியாதை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அதே பாதையில், அதே எதிரிக்கு, அதே பிரம்படிக்குப் பயந்து உழைத்தவர்கள்தானே அந்தக் கைதிகளும்? அவர்களை யாரும் கூலி என்று சொல்வதில்லை. அவர்களுக்குக் கல்லறை, மலர்வளையம், அரசாங்க மரியாதை. நம்மவர்களுக்கு மட்டும் "கூலிக்குப் போனவன்" என்ற பட்டம். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அந்தப் பாதையைத் தாய்லாந்துக்கு விலைபேசி விற்றார்கள். தண்டவாளத்துக்கு இருந்த மதிப்பு அதன் அடியில் கிடந்தவனுக்கு இல்லை.

காஞ்சனபுரியில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் 2023இல்தான் எழுந்தது. அதில் பொறிக்கப் பெயர்கள் வேண்டும். பேராக்கின் பழைய தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. போனவர்களின் பெயரை இன்னும் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் சில வீடுகளில்தான் மிஞ்சியிருக்கிறார்கள். ஆலயக் கமிட்டியும் தமிழ்ப்பள்ளியும் இந்த ஆண்டே நோட்டும் பேனாவுமாக அவர்களிடம் போய் உட்கார வேண்டும். போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்பி வந்தாரா இல்லையா. இந்த மூன்றையும் கேட்டு எழுதி, போர் நினைவு நாளில் ராணுவத்தாரின் பெயர்களுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும்.