சென்ட்ஓஎஸ் காலம் முடிஞ்சாச்சு... உங்க சர்வருக்கு அடுத்து எந்த ஓஎஸ்?

டெடிகேட்டட் சர்வர் வாடகைக்கு எடுத்து வெப்சைட் நடத்துறீங்களா? அதுல ஓடுற ஆபரேட்டிங் சிஸ்டம் எதுன்னு கடைசியா எப்போ பார்த்தீங்க? பதில் 'சென்ட்ஓஎஸ் 7' என்றால், உடனே கவனிக்க வேண்டிய விஷயம் இது. அதற்கான இலவச பாதுகாப்பு அப்டேட்கள் 2024 ஜூன் 30-ம் தேதியோடு நின்றுவிட்டன.

என்ன நடந்தது?

ரெட் ஹேட் நிறுவனம் கட்டணத்துக்குத் தரும் லினக்ஸின் இலவச வடிவம்தான் சென்ட்ஓஎஸ். பல ஆண்டுகளாக ஹோஸ்டிங் துறையில் இதற்குத்தான் மவுசு. 2019-ல் ரெட் ஹேட்டை ஐபிஎம் வாங்கியது. 2020 டிசம்பரில் வந்தது அதிர்ச்சி அறிவிப்பு. 2029 வரை அப்டேட் வரும் என்று எல்லோரும் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியிலேயே முடித்துவைக்கப்பட்டது. பழைய 7 மட்டும் சொன்ன தேதி வரை ஓடியது.

அப்டேட் நின்னா சர்வர் நின்னுடுமா?

நிற்காது. ஆபத்தே அதுதான். வெப்சைட் வழக்கம்போல ஓடும், உங்களுக்கு எதுவும் தெரியாது. ஆனா புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்க அப்டேட் வராது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இதை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். டெடிகேட்டட் சர்வரில், பராமரிப்புக்குத் தனியாகப் பணம் கட்டாவிட்டால் பொறுப்பு உங்களுடையது.

என்னென்ன வாய்ப்புகள்?

அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ்: சென்ட்ஓஎஸ் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப 2021-ல் வந்தவை. ராக்கியைத் தொடங்கிய கிரெகரி கர்ட்சர், சென்ட்ஓஎஸ் நிறுவனர்களில் ஒருவர். ஒரு பதிப்புக்கு சுமார் 10 ஆண்டுகள் அப்டேட். 2023-ல் ரெட் ஹேட் தன் சோர்ஸ் கோடுக்குக் கட்டுப்பாடு விதித்தபோதும் இரண்டும் தாக்குப்பிடித்தன.

உபுண்டு எல்டிஎஸ்: 2 ஆண்டுக்கு ஒரு பதிப்பு, 5 ஆண்டுகள் அப்டேட். சந்தேகம் வந்தால் இணையத்தில் விடை கிடைப்பது சுலபம்.

டெபியன்: தன்னார்வலர்கள் உருவாக்குவது. எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லை. நீண்டகால ஆதரவையும் சேர்த்து சுமார் 5 ஆண்டுகள்.

விண்டோஸ் சர்வர்: லைசென்ஸ் கட்டணம் உண்டு. பழைய ஏஎஸ்பி டாட் நெட் சாஃப்ட்வேர் இருந்தால் இதுதான் வழி. வெறும் வேர்ட்பிரஸ் தளம் என்றால் அந்தச் செலவு தேவையில்லை.

எப்படி முடிவு பண்றது?

முதல்ல கன்ட்ரோல் பேனலைப் பாருங்க. சிபேனல் அல்மாலினக்ஸில் ஓடும், டெபியனில் ஓடாது. அடுத்து, அப்டேட் முடியும் தேதி. மூன்றாவது, சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு எது பழக்கம் என்பது. ராத்திரி 2 மணிக்கு சைட் படுத்துட்டா, தெரிந்த சிஸ்டம்தான் கைகொடுக்கும். வேகத்தைப் பொறுத்தவரை, சாதாரண தளத்துக்கு இந்த லினக்ஸ்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரியாது.

மாறும்போது பழைய சர்வரிலேயே கை வைக்காதீங்க. புதிய சர்வரில் தளத்தை ஏற்றி, சோதித்துப் பார்த்து, பிறகு டொமைனைத் திருப்புங்கள். பழையதைச் சில நாட்கள் அப்படியே வைத்திருங்கள்.

சென்ட்ஓஎஸ் 8-ல் நடந்தது போல, அறிவித்த தேதியே மாறலாம். எந்த ஓஎஸ் போட்டாலும் பேக்கப்பை வேறு இடத்தில் வைத்திருந்தால், அடுத்த முறை மாறுவது தலைவலியாக இருக்காது.