ஊட்டிக் குளிரில் கேமரா பேட்டரி 'செத்துப்போகுதா'? நிஜ வில்லன் நம்ம ஊர் வெயில்தான்!

டிசம்பர், ஜனவரி வந்தாலே ஊட்டி உறைபனி செய்திதான். தலைக்குந்தா புல்வெளி வெள்ளை வெளேர்னு கிடக்கும் படங்கள் ஃபோன் ஃபோனா சுத்தும். அந்தப் பனியில் ஒரு ப்ரீ வெட்டிங் ஷூட் வேணும்னு கல்யாண வீட்டில் கேட்பாங்க. காஞ்சிபுரம், தாமல், உத்திரமேரூர் பக்கத்து போட்டோகிராபர்களும் கேமராவைத் தூக்கிக்கிட்டு மலையேறுவாங்க. விடிஞ்சதும் வழக்கமான புலம்பல் ஆரம்பிக்கும்: "ராத்திரி ஃபுல் சார்ஜ் போட்டேன், கொஞ்ச நேரத்துலயே பேட்டரி அவுட்!"

ஊருக்குத் திரும்பியதும் அந்த பேட்டரி 'போயிடுச்சு' என்று ஓரங்கட்டப்படும். ஒரிஜினல் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய். அதனால் பலர் விலை குறைந்த டூப்ளிகேட் பக்கம் போகிறார்கள். இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். குளிர் பேட்டரியைத் தூங்க வைக்கிறது. அதைக் கொல்வது வெயில். நாமோ முதலாவதைப் பார்த்துப் பயந்துவிட்டு, இரண்டாவதைக் கண்டுகொள்வதே இல்லை.

குளிரில் என்னதான் நடக்குது?

இன்றைய கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. 1991-ல் சோனி இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியதற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பேட்டரிக்குள் இரண்டு முனைகள், நடுவில் ஒரு திரவம். அந்தத் திரவத்தின் வழியாக லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகும்போதுதான் நமக்கு மின்சாரம் கிடைக்கிறது. குளிரில் அந்தத் திரவம் கெட்டியாகிறது, அயனிகளின் வேகம் குறைகிறது. கேமரா கேட்கும் அளவு மின்சாரத்தைத் தர பேட்டரி திணறுகிறது, வோல்டேஜ் சரிகிறது. கேமரா வோல்டேஜை வைத்துத்தான் சார்ஜைக் கணிக்கும். 'சார்ஜ் தீர்ந்துபோச்சு' என்று நினைத்து ஆஃப் ஆகிவிடும். உள்ளே சார்ஜ் பத்திரமாக இருக்கும்!

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிட்டால் தூக்கிப் போடுகிறோமா? கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் பழையபடி ஊற்றலாம். குளிர்ந்த பேட்டரியும் கிட்டத்தட்ட அப்படித்தான். சட்டை உள்பாக்கெட்டில் கால் மணி நேரம் வைத்தாலே பல நேரம் மறுபடி வேலை செய்யும். ஆனால் இதை வெயிலில் மட்டும் காய வைக்காதீங்க. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

மேனுவலில் இருக்கும் இரண்டு எண்கள்

பெரும்பாலான கேமரா மேனுவல்களில் 'பயன்படுத்தும் வெப்பநிலை: 0 முதல் 40 டிகிரி செல்சியஸ்' என்று போட்டிருக்கும். 0 டிகிரியைப் பார்க்க ஊட்டி, அவலாஞ்சி வரை போகணும். 40 டிகிரிக்கு எங்கேயும் போக வேண்டாம். மே மாதம் தாமல் ஏரிக்கரையில் நின்றாலே போதும். 2003 மே மாதம் சென்னையிலேயே 45 டிகிரி பதிவானது. கதவை மூடி வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடலாம். பைக் டிக்கியும் அடுப்பு மாதிரிதான்.

இந்தச் சூட்டில் பேட்டரிக்குள் தேவையில்லாத வேதிவினைகள் வேகமெடுக்கும். உள்ளே இருக்கும் லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக வீணாகும். வாயு உருவாகி பேட்டரி உப்பும். இப்படிப் போன கொள்ளளவு ஃபிரிட்ஜில் வைத்தாலும் திரும்பாது. ஃபுல் சார்ஜோடு சூட்டில் கிடப்பது இன்னும் மோசம். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் நூறு சதவீதம் சார்ஜ் போட்டு, இடைப்பட்ட நாளெல்லாம் தகர ஷீட் போட்ட ஸ்டூடியோவில் வைத்திருப்பவர்களின் பேட்டரி சீக்கிரம் வீணாவது இதனால்தான்.

அப்படி ஏற்கெனவே பலவீனமான பேட்டரிதான் ஊட்டியில் முதலில் மடங்கும். பழியை மட்டும் குளிர் வாங்கிக்கொள்ளும்.

மலைக்குப் போறீங்களா? இதைச் செய்யுங்க

ஸ்பேர் பேட்டரிகளை உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்க. ஒன்று கேமராவில், இன்னொன்று பாக்கெட்டில் என்று மாற்றி மாற்றிப் போடுங்க. எடுத்த படத்தை அடிக்கடி ஸ்கிரீனில் பார்ப்பதைக் குறைங்க.

குளிர் நிரந்தரச் சேதம் செய்யும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. 0 டிகிரிக்குக் கீழே இருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜில் போட்டால், லித்தியம் உலோகமாகவே உள்ளே படிந்துவிடும். அது திரும்பாத இழப்பு, ஆபத்தும்கூட. லடாக் மாதிரி இடங்களில் அறைக்குள் கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகு சார்ஜ் போடுங்க. விமானத்தில் போவதாக இருந்தால் ஸ்பேர் பேட்டரிகளை கையில் எடுத்துப் போகும் பையில்தான் வைக்கணும். செக் இன் லக்கேஜில் வைக்க அனுமதி இல்லை.

ஏசி மண்டபமும் ஒரு குட்டி ஊட்டிதான்

நம்ம ஊரில் குளிரால் வரும் பிரச்னை ஏசியிலிருந்துதான் வரும். சில்லென்ற மண்டபத்தில் இரண்டு மணி நேரம் இருந்த கேமராவோடு, பொண்ணு மாப்பிள்ளை கார் கிளம்புவதை எடுக்க வெளியே ஓடினால், லென்ஸில் ஆவி படிந்துவிடும். ஐஸ் வாட்டர் டம்ளர் வெளிப்பக்கம் வியர்ப்பது மாதிரிதான். லென்ஸைத் துடைத்துவிடலாம், கேமராவுக்கு உள்ளே படியும் ஈரத்தைத் துடைக்க முடியாது. வெளியே எடுக்க வேண்டியது இருந்தால், அரை மணி நேரம் முன்பே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி வெளியே வையுங்க. ஈரம் கவர் மேல் படியும், கேமரா தப்பிக்கும்.

தூக்கிப் போடும் முன் ஒரு டெஸ்ட்

பேட்டரியை வீட்டு வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, முழுசா சார்ஜ் பண்ணி, சாதாரணமா படம் எடுத்துப் பாருங்க. நன்றாக உழைத்தால் பழி குளிருடையது, பேட்டரி நல்ல பேட்டரி. பல நிக்கான் கேமராக்களின் மெனுவில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை எண்ணாகத் தெரியும்: 0 என்றால் புதுசு, 4 என்றால் மாற்றும் நேரம். கேனானின் பல மாடல்களில் மூன்று கட்டங்களாகக் காட்டும். உப்பிய பேட்டரிக்கு மட்டும் எந்த டெஸ்ட்டும் வேண்டாம். அதைக் கேமராவில் போடாதீங்க, குப்பைத் தொட்டியிலும் போடாதீங்க. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. கடையில் தயங்காமல் கேளுங்க.

இணையத்தில் கேமரா பராமரிப்பு டிப்ஸ் பெரும்பாலும் பனி கொட்டும் நாடுகளில் இருப்பவர்கள் எழுதியது. அவர்களுக்குக் குளிர்தான் கவலை. நமக்கு வருஷத்தில் நாலைந்து மாசம் வெயில்தான் கவலையா இருக்கணும். உபயோகிக்காத நாட்களில் பாதி சார்ஜில், வீட்டிலேயே குளுமையான ஓர் இடத்தில் பேட்டரி இருக்கட்டும். தாலி கட்டும் அந்த ஒரு நொடியை 'ஒன்ஸ்மோர்' கேட்க முடியாது. அந்த நேரத்தில் கைவிடாத பேட்டரி வேணும்னா, அதுக்கான கவனிப்பு மே மாச மதியத்திலேயே ஆரம்பிக்கணும்.