வஹாகோட்டையும் வாளின் வாதமும்

இலங்கையிற் கத்தோலிக்க சமயம் போர்த்துக்கேயரின் வாளோடு வந்து அவ்வாளோடு போயிற்று என்பாரும் உளர். மேடைகளில் மட்டுமன்று, பரீட்சை விடைத்தாள்களிலும் இக்கூற்றுத் தயக்கமின்றி எழுதப்படுகின்றது. அங்ஙனம் எழுதுவோர், மாத்தளை மாவட்டத்தின் மேற்கே கலேவெலைப் பகுதியிலுள்ள வஹாகோட்டை என்னும் சிற்றூரை ஒருமுறை நோக்குதல் வேண்டும்.

அங்குப் புனித அந்தோனியார் ஆலயத்தைச் சூழ்ந்து வாழ்வோர் சிங்களம் பேசும் கத்தோலிக்கர். கண்டி மன்னரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயர் குடியேற்றப்பட்டமையால் எழுந்தது அவ்வூர் என்பது வழிவழி வரும் செய்தி. அதனை அப்படியே கொள்ளினும் வாளின் வாதம் நில்லாது. சிறைப்பட்டவன் கையில் வாள் ஏது? பௌத்த மன்னனின் குடிகளாயிருந்தே அம்மக்கள் தம் சமயத்தைக் காத்தனர். கரையோரத்திலோ, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி வழிபாட்டையும் தடைசெய்தனர். கிறித்தவரைக் கிறித்தவரே ஒறுத்த காலத்திற் புகலளித்தது கண்டியரசு. இதனை வெறும் சமயப்பொறை என்று புகழ்தலும் வேண்டா. ஒல்லாந்தர்க்குப் பகையானோர் கண்டிக்கு வேண்டியவராயினர். 1739இல் அரியணையேறிய ஸ்ரீ விஜய இராஜசிங்கன் காலத்தில் அப்புகலும் தளர்ந்தது.

தமிழ் ஆய்வாளர்மீதும் ஒரு வழக்குண்டு. கோவாவிற் பிறந்த யோசேவாஸ் முனிவர் 1687இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் கற்று, சில்லாலையில் மறைந்து பணிபுரிந்தார். பின் புத்தளம் வழியே 1692இல் கண்டி சென்று, ஒற்றர் என்ற ஐயத்தாற் சிறையிலிடப்பட்டார். இரண்டாம் விமலதர்மசூரியனின் இசைவு பெற்று, 1711இல் இறக்கும்வரை உழைத்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். இருமொழிக்கும் பொதுவான இவ்வரலாறு, தமிழில் எழுதப்படும்போது மட்டும் மன்னாரில் தொடங்கிச் சிலாபத்தில் முடிந்துவிடுவதேன்? ஆவணம் இன்மையாலன்று, சிங்களம் பேசும் ஊர் தமக்குரியதன்று என்ற எண்ணத்தாலேயே. குருமார் கடந்த எல்லையை ஆய்வாளர் கடக்க மறுக்கின்றனர்.

அதே மாவட்டத்தின் கிழக்கே, பழைய பல்லேகம நகரம் களுகங்கை நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. மக்கள் புதுநகர் புகுந்தனர். அவ்வூர் முதியோர் அறிந்தவற்றுள் தமிழில் எழுதப்பட்டவை எத்துணை? வஹாகோட்டையை நீர் சூழவில்லை. பேராதனையிலிருந்து காலையிற் புறப்படுவோர் நண்பகலுக்குள் அங்குச் சேரலாம். பேசுதற்குச் சிங்களம் வேண்டும். அதுவும் இப்பல்கலைக்கழகத்திலேயே கற்பிக்கப்படுகின்றது.