போட்டோ பிரிண்டருக்கு பிக்மென்ட் இங்க் ஊற்றலாமா?

அன்னூர் பக்கம் எங்கள் அப்புச்சி வீட்டு ஆசாரத்தில் இரண்டு போட்டோக்கள் மாட்டியிருக்கிறது. ஒன்று, அப்புச்சியும் அம்மிச்சியும் கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மிச்சியின் சேலைக்கரை கூட இன்னும் தெளிவாகத் தெரியும். இன்னொன்று, அப்புச்சி தவறியதும் நான் வீட்டு இங்க்ஜெட்டில் பிரிண்ட் போட்டு, கண்ணாடி இல்லாமல் அட்டையில் ஒட்டியது. மூன்றே வருஷம். நீலம் போய், முகம் செம்மஞ்சளாக நிற்கிறது. படம் இருந்த செல்போனும் தொலைந்துவிட்டது. வேறு காப்பி கிடையாது.

காரணம் யாரும் இல்லை, நான்தான். காந்திபுரத்தில் இருப்பதிலேயே விலை குறைந்த ரீஃபில் இங்க் வாங்கி ஊற்றினேன். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய்.

அதற்கப்புறம்தான் இந்த பிக்மென்ட் விஷயத்தில் இறங்கினேன்.

டை இங்க்குக்கும் பிக்மென்ட் இங்க்குக்கும் என்ன வித்தியாசம்? திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சாயப்பட்டறையில் சாயம் நூலுக்குள் இறங்குகிறது. பிக்மென்ட் பிரிண்டிங்கில் கலர் துணியின் மேல் பைண்டரால் ஒட்டி நிற்கிறது. இங்க்கிலும் அதே கதைதான். டை, தண்ணீரில் உப்பு மாதிரி கரைந்துவிடும். பிக்மென்ட் கரையாது, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி மிக நுண்ணிய துகளாக மிதக்கும். கரைந்து கிடக்கும் டையை வெளிச்சமும் காற்றில் உள்ள ஓசோனும் சுலபமாகச் சிதைக்கும். துகளில் மேல்பரப்பு அடிபட்டாலும் உள்ளே கலர் மிச்சமிருக்கும். தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் கசியாது.

ஒரிஜினல் இங்க் என்றால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2000-ல் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்கள் வந்தபோது படம் பல வருஷம் நிற்கும் என்றார்கள். சில வீடுகளில் கொஞ்ச நாளிலேயே ஆரஞ்சாகிவிட்டது. காரணம் ஓசோன். அவை டை இங்க் பிரிண்டர்கள். அதே வருஷம் அவர்களே பிக்மென்ட் இங்க்கோடு 2000பி என்ற மாடலையும் விட்டார்கள்.

அப்படியென்றால் எல்லாரும் பிக்மென்ட்டுக்கு மாறிவிடலாமா? அவசரப்படாதீங்க.

முதலில் பேப்பர். கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் கிளாஸி பேப்பரில் துகள் உள்ளே இறங்காது. மேலேயே உட்கார்ந்து, விரலால் தேய்த்தால் கையோடு வரும். சாய்த்துப் பார்த்தால் கறுப்புப் பகுதி செம்பு மாதிரி மின்னும். மேட் பேப்பரில் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்து கலர். பிரிண்டர் டிரைவர் கம்பெனியின் டை இங்க்கை மனதில் வைத்து எழுதப்பட்டது. வேறு இங்க் ஊற்றினால் முகம் பச்சை தட்டும். அந்த இங்க்குக்கும் அந்தப் பேப்பருக்கும் சேர்த்து ஐசிசி புரொஃபைல் இருந்தால்தான் சரியாகும்.

மூன்றாவது அடைப்பு. துகள் அடியில் படியும். வாரம் ஒரு தடவையாவது பிரிண்ட் போடாவிட்டால் நாசில் அடைக்கும். ஹெட் க்ளீனிங் கொடுத்தால் இங்க் வீணாகும், வேஸ்ட் இங்க் பேடும் நிறையும். எப்சனில் ஹெட் பிரிண்டரோடு நிரந்தரமாக இருப்பது. அது போனால் பிரிண்டரே போன மாதிரிதான். டேங்கில் டை இருக்கும்போதே அதன்மேல் பிக்மென்ட்டை ஊற்றவே கூடாது, திரிந்துவிடலாம். சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

காஸ்டிங் வகுப்பில் முதலில் சொல்லித் தருவது, வாங்கும் விலை வேறு, ஆகும் செலவு வேறு என்பதைத்தான். பாட்டிலின் விலையை மட்டும் பார்ப்பவன் பாதிக் கணக்குதான் போடுகிறான். வீணான பேப்பர், க்ளீனிங்கில் போன இங்க், ஹெட் போகும் ஆபத்து எல்லாவற்றையும் சேர்த்தால் லாபம் பாதியாகச் சுருங்கும். அழிந்துபோன படத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

என் கட்சி இதுதான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, காலேஜ் புராஜெக்ட், ஆல்பத்துக்குள் மூடிக் கிடக்கும் படம் இதற்கெல்லாம் டை இங்க்கே போதும். சுவரில் மாட்டும் படத்துக்கு பிக்மென்ட், மேட் பேப்பர், கண்ணாடி ஃபிரேம். அதையும் வாரண்டி முடிந்த, போனாலும் பரவாயில்லை என்கிற பழைய பிரிண்டரில் மட்டும்.

பாட்டில் மேல் "நூறு வருஷம் நிற்கும்" என்று போட்டிருந்தால் நம்பாதீங்க. வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் போன்ற ஆய்வகங்கள் குறிப்பிட்ட இங்க்கைக் குறிப்பிட்ட பேப்பரோடு சேர்த்துத்தான் சோதிக்கின்றன. ஒரு கம்பெனிக்குக் கிடைத்த மார்க் அடுத்தவன் பாட்டிலுக்குச் செல்லாது. நாமே ஒரு பிரிண்ட் போட்டு, பாதியை அட்டையால் மூடி வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வைக்கலாம். சில மாதம் கழித்து அட்டையை எடுத்தால் உண்மை தெரியும்.

காசு வாங்கி பிரிண்ட் போட்டுத் தருபவர்களுக்கு ஒன்று. என்ன இங்க், என்ன பேப்பர் என்று படத்தின் பின்னால் பென்சிலில் எழுதிக் கொடுங்க. சாமி போட்டோ பக்கத்தில் மாட்டப் போகிறவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

அப்புச்சி படத்தை, இருக்கிற வரைக்கும் போதும் என்று ஸ்கேன் பண்ணி, கலரைக் கொஞ்சம் தேற்றி, பிக்மென்ட் இங்க்கில் மேட் பேப்பரில் போட்டு கண்ணாடிக்குள் மாட்டிவிட்டேன். ஃபைலை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். சட்டையின் நீலம் மட்டும் திரும்பி வரவில்லை. அம்மிச்சி பார்த்துவிட்டு, "அவரு நீலச் சட்டையில்ல போட்டிருந்தாரு, கண்ணு?" என்று கேட்டார். ஆமாங்க அம்மிச்சி, நீலம்தான்.