வெளிறிய முகம் சொல்லும் செய்தி



ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து அமரும் சிறுவன் ஒருவன் இருந்தான். பாடத்தில் நாட்டமில்லை. விளையாட அழைத்தால் இரண்டு சுற்று ஓடியதும் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவான். "சுத்தச் சோம்பேறிங்க சாமி. வீட்டிலே மண்ணையும் சாம்பலையும் அள்ளித் திங்கறானுங்க. நீங்களாவது நாலு அதட்டுப் போடுங்க" என்று தாய் முறையிட்டாள். அதட்டுவதற்கு முன் அவனது கீழ் இமையைச் சற்றே இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தது. "அம்மா, இவனுக்கு வேண்டியது அதட்டல் அன்று, இரத்தப் பரிசோதனை" என்று சொல்லி அனுப்பினேன். ஏழு கிராம் என்று முடிவு வந்தது. மண் தின்பதுகூடக் கெட்ட பழக்கமன்று, சோகையின் அடையாளமே என்று மருத்துவர் விளக்கினாராம். குடற்புழு நீக்கத்துக்கும் இரும்புச்சத்துக்கும் மருந்து தந்தார்கள். சில மாதங்களில் அதே பையனை அடக்கி உட்கார வைப்பதே ஆசிரியைக்குப் பெரும்பாடாயிற்று!

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளே, நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்கிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் இரண்டு முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 11 கிராமுக்கும், ஐந்து முதல் பதினொரு வயதினருக்கு 11.5 கிராமுக்கும் அது குறையுமானால் அந்நிலையைச் சோகை என்கிறோம். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை இருந்தது. ஆகவே இதை யாரோ ஓர் ஏழை வீட்டுக் குறை என்று எண்ணிவிடலாகாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவே காரணம். ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பால் மட்டும் போதாது. அப்போது திட உணவு தொடங்காமல் பாலையே புகட்டிக்கொண்டிருப்பதும், வெறுங்காலுடன் நடக்கையில் கொக்கிப்புழு உடலுக்குள் புகுவதும் இக்குறையை வளர்க்கின்றன. மருந்தோ நம் கொல்லையிலேயே இருக்கிறது. முருங்கைக் கீரை, கம்பு, கேழ்வரகு, கொள்ளு, பேரீச்சை ஆகியவற்றோடு, புலால் உண்போர்க்கு ஈரலும் சுவரொட்டியும் உண்டு. உணவோடு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் உடல் இரும்பை நன்கு ஏற்கும். சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ குடித்தால் அந்த இரும்பு வீணாகும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இளஞ்சிவப்பு, நீல நிற மாத்திரைகளைப் பிள்ளைகள் சன்னல் வழியே எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்ச வேண்டாம், அது இரும்பின் நிறமே.

அம்மாத்திரைகளில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. அதன் வரலாற்றில் நம் அண்டை மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர், குன்னூரிலும் பம்பாயிலும் தங்கிக் கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931 இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த சத்தே ஃபோலிக் அமிலம் என்பது பின்னர்த் தெரியவந்தது.

ஆனால், எல்லாச் சோகையும் இரும்பினால் தீருமா? தீராது. இன்று உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான்.

காரமடையிலிருந்து மேற்கே பில்லூர் நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் இருளர் குடியிருப்புகள் பல உள்ளன. அம்மக்களிடமும், நீலகிரியிலும் அட்டப்பாடியிலும் வாழும் பிற பழங்குடியினரிடமும் 'அரிவாள் செல் சோகை' என்னும் பரம்பரை நோய் காணப்படுகிறது. 1952 ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் இதன் கூறைக் கண்டு வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முதல் அறிக்கைகளுள் அது ஒன்று.

வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு இந்நோயில் கதிர் அரிவாள்போல் வளைந்து விறைக்கிறது. சுமார் 120 நாள் வாழ வேண்டிய அணு, பத்து இருபது நாட்களிலேயே அழிகிறது. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்வதால் எலும்பிலும் மூட்டிலும் பொறுக்கவொண்ணா வலி எழும். கைக்குழந்தைக்குக் கைகால் வீங்குவதும், கண் மஞ்சளிப்பதும், மண்ணீரல் பெருப்பதும் இதன் அறிகுறிகள். இப்பிள்ளைகளுக்கு நீர் நிறையக் கொடுக்க வேண்டும், குளிரில் வாடவிடலாகாது. காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று தாமதியாமல் அன்றே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். தடுப்பூசிகளும், மருத்துவர் சொல்லும் பென்சிலின், ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்துகளும் இவர்களின் வாழ்நாளை நீட்டுகின்றன. 2047 க்குள் இந்நோயை ஒழிக்கும் நோக்கத்துடன் மத்திய அரசு 2023 ஜூலை 1 அன்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் குறிக்கோள்.

தலசீமியா என்பதும் இதைப்போன்ற பரம்பரை நோயே. கடுமையான வகை தாக்கிய குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாளெல்லாம் இரத்தம் ஏற்ற வேண்டும். அவ்வாறு ஏற்றும் இரத்தத்தால் உடலில் இரும்பு மிகுந்து, இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியேற்றவே தனி மருந்து தேவை. அத்தகைய பிள்ளைக்கு, முகம் வெளிறியிருக்கிறதே என்று கடையில் இரும்பு டானிக் வாங்கிப் புகட்டினால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள். முதலில் பரிசோதனை, பிறகே மருந்து என்பதை மறவாதீர்கள்.

இவ்விரு நோய்களும் ஒட்டுவாரொட்டி அல்ல, யாருடைய பாவத்தின் சம்பளமும் அல்ல. பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவர் யார் என்று சீடர்கள் கேட்ட கேள்வியையே இன்றும் பலர் மருமகளைப் பார்த்துக் கேட்கிறார்கள். உண்மை என்ன? தந்தை, தாய் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபுக்கூறு வந்தால்தான் பிள்ளைக்கு இந்நோய் உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பிள்ளை பொதுவாக நலமாக இருக்கும். அத்தகையோரை 'கடத்திகள்' என்பர். இருவருமே கடத்திகளானால், ஒவ்வொரு பேற்றிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 'முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூவருக்கு வராது' என்று கணக்குப் போடலாகாது. ஒவ்வொரு முறையும் அந்த நான்கில் ஒன்று புதிதாகவே நிற்கிறது.

திருமண ஓலை வாசிக்கும் முன் மணமக்களுக்குள் இரத்த உறவு உண்டா என்று நாங்கள் விசாரிப்பதை அறிவீர்கள். மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் செய்ய ஆயரின் விலக்குப் பெற வேண்டும். சொத்து வெளியே போகாது என்றும், சொந்தம் விட்டுப்போகாது என்றும் நம் பக்கத்தில் இவ்வுறவைப் பெரிதும் விரும்புகிறோம். நெருங்கிய உறவில் ஒரே குறையை இருவரும் சுமக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே, ஜாதகத்தையும் நகைப் பட்டியலையும் பற்றிப் பேசும் பெரியவர்கள், மணமக்களின் இரத்தப் பரிசோதனை பற்றியும் கூசாமல் பேசலாமே! கடத்தி என்று தெரிவதால் எவரும் தாழ்ந்துவிடுவதில்லை. அறிந்து முடிவெடுப்பதற்கே அறிவைப் பெற்றிருக்கிறோம்.

வேறு சில அடையாளங்களையும் நினைவில் வையுங்கள். சிறு காயத்திலும் இரத்தம் நில்லாமல் வடிதல், அடிபடாமலே நீலத் தழும்புகள் தோன்றுதல், வாரக்கணக்கில் காய்ச்சலும் வெளிறலும் சேர்ந்திருத்தல் ஆகிய எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அரிவாள் செல் நோய், தலசீமியா, இரத்தம் உறையாமையாகிய ஹீமோஃபீலியா ஆகிய மூன்றும் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. உரிய சான்றிதழ் பெறத் தயங்க வேண்டாம்.

முடிவாக, பதினெட்டு வயது நிறைந்த இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உடல்நலமுள்ள ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்ததானம் செய்யலாம். மாதந்தோறும் பிறர் இரத்தத்தால் உயிர்வாழும் குழந்தைக்கு உங்கள் பெயர் தெரியாது, உங்களுக்கும் அதன் முகம் தெரியாது. இருந்தும் அக்குழந்தை அடுத்த மாதமும் பள்ளிக்குச் செல்லும்.

இன்று இரவு உணவுக்கு அமரும்போது உங்கள் பிள்ளைகளின் இமையைச் சற்றே தாழ்த்திப் பாருங்கள். ஐயம் எழுந்தால் நாளைக் காலையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.