அண்ணன் பிக்அப்பை உயர்த்தப் போகிறாரா?

என் சித்தப்பா மகன் ஒரு பழைய ஹைலக்ஸ் வாங்கினான். 1990களில் வந்த வண்டி, 2.4 லிட்டர் டீசல், டர்போ கிடையாது. வாங்கிய மறுவாரமே ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். உள்ளே 2 அங்குல உயரத்தில் கறுப்பு நிற உருளைகளும் நீண்ட போல்ட்டுகளும் இருந்தன. "அண்ணே, இதைப் போட்டா செம்பனைத் தோட்டத்துல எந்தக் குழியிலயும் வண்டி தட்டாது" என்றான். தட்டும் என்றேன். அவனுக்குக் கோபம்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் அண்ணனோ மாமாவோ இதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரலாம். நான் அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பழைய பிக்அப் இரண்டு அடுக்காகக் கட்டப்பட்டது. கீழே இரும்புச் சட்டமான சேஸ். இயந்திரம், கியர்பெட்டி, அச்சு, ஸ்பிரிங் எல்லாம் அதோடு சேர்ந்தவை. மேலே ஓட்டுநர் அறையும் சரக்குத் தொட்டியும் ரப்பர் வளையங்கள் மேல் உட்கார்ந்திருக்கும். பாடி லிஃப்ட் என்பது இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் உருளைகளை நுழைப்பது. (அமெரிக்காவில் சிலர் பனி ஹாக்கி ஆடும் ரப்பர் வட்டையே இதற்குப் பயன்படுத்துவார்கள். அதன் தடிப்பு சரியாக 1 அங்குலம்.)

இப்போது யோசியுங்கள். எது உயர்ந்தது? மேல் அடுக்கு மட்டும்தான். குழியில் கல்லோடு மோதுவது பின் அச்சின் நடுவில் தொங்கும் டிபரன்ஷியல் உருண்டை. அது பழைய இடத்திலேயே இருக்கிறது. அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி. சக்கரத்துக்கு மேல் அந்த டயருக்கு இடம் கொடுப்பதே பாடி லிஃப்ட்டின் உண்மையான வேலை. 29 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குலம் போட்டால் விட்டம் 2 அங்குலம் கூடும். ஆனால் அச்சு உயர்வது ஆரத்தின் அளவு, அதாவது 1 அங்குலம்தான். இத்தனை வேலையும் அந்த 1 அங்குலத்துக்காக.

அதற்குக் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். ஹைலக்ஸில் ரேடியேட்டர் மேல் அடுக்கைச் சேர்ந்தது; காற்றாடி இயந்திரத்தோடு கீழ் அடுக்கில் இருக்கிறது. மேலடுக்கு 2 அங்குலம் ஏறினால் காற்றாடியைச் சுற்றியுள்ள உறையும் ஏறும், காற்றாடி ஏறாது. இறக்கை உறையில் உரசும். உரசாமல் உறையைக் கழற்றிப் போட்டால் காற்று ரேடியேட்டர் முழுவதும் இழுக்கப்படாது. கேமரன் மலை ஏற்றத்தில் சுமையோடு போகும் பழைய டீசலுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே உறையைக் கீழே இறக்கிப் பொருத்த வேண்டும். ஸ்டியரிங் தண்டும் அப்படித்தான்: சக்கரம் மேலே, பெட்டி கீழே. பிரேக் குழாய், டீசல் ஊற்றும் குழாய், பூமிக் கம்பி என்று ஒவ்வொன்றிலும் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். அவசரமாகச் செய்யும் பட்டறையில் இவற்றில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஈர்ப்பு மையம். ஒரு கணக்குப் போடுவோம். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 140 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் 1.0. எண் பெரிதாக இருந்தால் வண்டி கவிழ்வது கடினம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பும் 2001ஆம் ஆண்டு மாடல்கள் முதல் கவிழும் அபாயத்தை மதிப்பிட இந்த எண்ணைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டது.

மேலடுக்கும் அதில் உள்ள ஆட்களும் மொத்த எடையில் 40 விழுக்காடு என்றால், 5 செ.மீ. லிஃப்ட் ஈர்ப்பு மையத்தை 2 செ.மீ. உயர்த்தும். பெரிய டயர் முழு வண்டியையும் 2.5 செ.மீ. உயர்த்தும். மொத்தம் 4.5. இப்போது 70ஐ 74.5ஆல் வகுத்தால் 0.94. சின்ன வித்தியாசம்தானே என்பீர்கள். சமதளச் சாலையில் டயர் முதலில் வழுக்கிவிடும், கவிழாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழுக்கிய சக்கரம் கால்வாய் ஓரத்திலோ தோட்டத்துச் சேற்றிலோ தடுக்கினால்? பின்னால் தொட்டியில் நாலு பேர் நின்றால்? 0.94 என்பது ஆளில்லாத தொட்டியின் கணக்கு.

பெரிய டயரால் இன்னொரு ஏமாற்றம். ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. 31ஐ 29ஆல் வகுத்துப் பாருங்கள்: முள் 90இல் நிற்கும்போது வண்டி 96இல் ஓடும். தரையைத் தள்ளும் விசையோ ஆறு விழுக்காட்டுக்கு மேல் குறையும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் இயந்திரம் அது. பிரேக்குக்கும் அதே கதை.

முன் விளக்கும் உயரும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண் கூசும். வண்டியின் மூக்கருகே நிற்கும் சிறுபிள்ளை ஓட்டுநருக்குத் தெரியாத தூரமும் கூடும். ஜேபிஜே அனுமதியின்றி இப்படி மாற்றம் செய்வது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனமும் கேள்வி கேட்கும்.

வண்டியை மாற்றி அமைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பட்டறையில் கை அழுக்காக்கிக் கற்ற இயற்பியல் மறக்காது. உண்மையிலேயே காட்டுப்பாதையில் பிழைப்பு நடத்துபவர் அனுமதி வாங்கி, எல்லா இணைப்பையும் சரிபார்த்து, அளவோடு உயர்த்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடைவீதியில் நிறுத்தி அழகு பார்ப்பதற்காக, தம்பி தங்கைகளை ஏற்றிச் செல்லும் வண்டியை உயர்த்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சித்தப்பா மகன் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் பழைய போல்ட்டுகளைக் கழற்ற உட்கார்ந்தோம். மூன்றாவது போல்ட் துருவில் உடைந்தது. ரப்பர் வளையங்கள் கையில் பிஸ்கட்போல் பொடிந்தன. சேஸின் ஒரு மூலையில் ஸ்குரூடிரைவர் உள்ளே போனது. அன்று மாலை இரும்பு ஒட்டுபவரைத்தான் கூப்பிட்டோம். புது ரப்பர் போட்டோம். அந்தப் பெட்டி இன்னும் அவன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.